நைனா சொன்ன 'வேணாம்'

என் அப்பா இறந்தபோது எனக்கு மூன்று வயது. அவர் முகம் நினைவில் இல்லை. எனக்கு எட்டு வயதானபோது அம்மா மறுமணம் செய்துகொண்டார். வந்தவரை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் ஒரு மாதம் 'இங்க பாருங்க' என்றே ஓட்டினேன்.

"நைனான்னு கூப்புடு கண்ணு. நான் எங்க அப்பாவ அப்டித்தான் கூப்புடுவேன். அப்பான்ற பேரு அவருக்கே இருக்கட்டும்" என்றார் அவர். பிறகு பிறந்த என் தங்கைக்கும் அவர் நைனாதான்.

முடிச்சூர் சாலையில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் சிறிய கடை அவருடையது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்ததிலிருந்து தினமும் காலையில் இன்சுலின் போட்டுவிடுவது அவர்தான். ஊசியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அம்மாவிடம் ஏதாவது கேள்வி கேட்பார். அம்மா பதில் சொல்லி முடிப்பதற்குள் ஊசி போட்டு எடுத்திருப்பார். என் பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் எனக்கு மஞ்சள்காமாலை. ஒவ்வொரு தேர்வுக்கும் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளி வாசலில், வெயிலில் உட்கார்ந்திருந்தார். நான் மயங்கி விழுந்தால் தூக்க ஆள் வேண்டுமாம்.

அவருடைய ஐம்பத்திரண்டாவது வயதில் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது என்றார்கள். மே மாத வெயிலில் ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்த இடம் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். என் விரலைப் பிடித்து அங்கே வைத்து, "மோட்டார் ஓடுது பாரு" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

மாற்றுச் சிறுநீரகம் ஒன்றே வழி என்றார் டாக்டர். அம்மாவுக்குச் சர்க்கரை. தங்கைக்குப் பதினைந்து வயதுதான். எனக்கு அப்போது இருபத்தாறு; கல்யாணமாகி இரண்டு வருடம், காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. என் ரத்தம் அவருக்குப் பொருந்தியது. என் கணவரும் சம்மதித்தார். ஆனால் மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகள் சட்டப்படி நெருங்கிய உறவு இல்லை. பணத்துக்காகத் தரவில்லை, பாசத்தால்தான் தருகிறேன் என்று ஒரு குழுவின் முன் நிரூபிக்க வேண்டும்.

பாசத்துக்கு ஆதாரம் தேடி ஒரு மாதம் அலைந்தேன். அவர் கையெழுத்துப் போட்ட பள்ளி ரிப்போர்ட் கார்டுகள், திருநீர்மலைப் படிகளில் அவர் தோளில் நான் உட்கார்ந்திருக்கும் படம், அவர் என்னைத் தாரை வார்த்துக் கொடுத்த கல்யாணப் படம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேர்த்தேன். நைனாவும் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

அம்மாவும் எங்களோடு வந்திருந்தார். குழுவில் ஐந்து பேர். என்னை முதலில் கூப்பிட்டார்கள்.

"உங்க சொந்த அப்பா இல்லையே. ஏம்மா தர்றீங்க?"

"எனக்குத் தெரிஞ்ச அப்பா அவர் ஒருத்தர்தான் சார்."

குழுவில் இருந்த ஒரு அம்மாள் அதை எழுதிக்கொண்டார். அடுத்து நைனாவைத் தனியாகக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், மின்சார ரயில் கிண்டியைத் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தார். "வேணாம்னு எழுதிக் குட்த்துட்டேன்."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "ஏன் நைனா? யாரைக் கேட்டு?"

"உனக்கு இன்னும் கொழந்த பொறக்கல. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? உங்க அப்பனுக்குச் சொல்லணும்ல?"

"இதை அங்க போறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ வுட்டுருப்பியா?"

பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி நான் கத்தினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தாம்பரத்தில் இறங்கியதும் அம்மா எங்களுக்காக நிற்காமல் விடுவிடுவென்று முன்னால் நடந்தார்.

இரண்டு மாதம் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. நைனா தினமும் போன் செய்வார். எடுத்து, "ம்" என்பேன். "சாப்ட்டியா?" என்பார். "ம்." வைத்துவிடுவேன். அவருக்கு அதிக நாள் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அப்படிச் செய்தேன். இதை இங்கே மறைப்பதில் பயனில்லை.

அதன் பிறகு ஒரு வருடம் இருந்தார். கடைசி மாதங்களில் காலில் வீக்கம் இறங்கவே இல்லை. படுத்தால் மூச்சு முட்டியதால் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டயாலிசிஸுக்குக் கிளம்பச் சட்டை மாட்டும்போது அப்படியே சரிந்தார். தங்கை பள்ளிக்கூடத்தில். நான் வேலைக்குப் போகும் ரயிலில். அம்மா மட்டும்தான் பக்கத்தில் இருந்தார்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "உன்னப் பத்தி யோசிச்சாரு. உங்க அப்பாவப் பத்திக்கூட யோசிச்சாரு. ரெண்டாவது தடவையும் இவ தனியா நிப்பாளேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சாரா?"

அவரைப் போல ஒரு நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. அந்த நல்ல குணம் அம்மாவுக்குச் செய்ததையும் நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் போகிறேன். தங்கையின் படிப்பைப் பற்றி, தண்ணீர் லாரி வராததைப் பற்றியெல்லாம் பேசுகிறோம். நைனாவைப் பற்றி மட்டும் அம்மா பேசுவதில்லை. நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.