கடைசி ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

என் மாணவர்கள் வெயிலுக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்தே புள்ளிவிவரம் தயாரித்துக்கொண்டு வந்தால், இரண்டு வரி பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். கணிதப் பேராசிரியை ஆனபிறகு வந்த திறமை அல்ல இது. ஒன்பதாம் வகுப்பிலேயே அந்தத் தொழிலைச் செய்திருக்கிறேன்.

அம்மாவும் தென்காசியில் கணிதப் பேராசிரியைதான். வகுப்பு, விடைத்தாள், சமையல் போக மிஞ்சிய நேரத்தில் ஆராய்ச்சி. குற்றாலத்தில் சீசன் கூட்டத்தைப் போலீஸ்காரர்கள் விசிலடித்து அருவிக்குள் விடுவார்கள், விசிலடித்து வெளியேற்றுவார்கள். எத்தனை நிமிஷத்துக்கு ஒரு விசில் அடித்தால் எல்லோரும் குளிக்கலாம், காத்திருப்பதும் குறையும் என்பது அம்மாவின் கேள்வி. வீட்டில் மற்றவர்களுக்கு அது வேடிக்கை. நான்கு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு வேண்டும். அதற்குள் சாரல் நின்றுவிட்டால் அடுத்த வருஷம்தான்.

அம்மா பெண்கள் வரிசையின் கடைசியில் குடையோடு நின்று, புதிதாக வந்து சேர்கிறவர்களை எண்ணினாள். ஒவ்வொரு விசிலுக்கும் எத்தனை பெண்கள் வெளியே வருகிறார்கள் என்று எண்ணுவது என் வேலை.

"எண்ண விட்டுப்போச்சுன்னா விட்டுப்போச்சுன்னே எழுதுட்டி. சும்மா எதையாவது போட்டுராத."

மூன்று வாரம் ஒழுங்காக எண்ணினேன். நான்காவது வாரம் வகுப்புத் தோழி ஒருத்தி சுரண்டையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். மிளகாய் பஜ்ஜி வாங்கித் தந்தாள். கதை பேசி முடித்தபோது நோட்டில் ஒன்றரை மணி நேரம் காலி. பஜ்ஜிக் கடை பெஞ்சில் உட்கார்ந்தே நிரப்பினேன். ஒரே எண் அடுத்தடுத்து வராமலும், இருபது, முப்பது என்று முழுசாக விழாமலும் பார்த்துக்கொண்டேன். அப்படி வந்தால் பொய் என்று தெரிந்துவிடுமாம். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா நோட்டைப் புரட்டினாள். அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் எண்ணுனியாட்டி?"

"எண்ணுனேம்மா."

நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டாள். வயலைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நிஜமாக எண்ணினால் ஒரே எண் இரண்டு மூன்று தடவை அடுத்தடுத்து விழத்தான் செய்யும், முழு எண்ணும் விழும். அவள் வருஷா வருஷம் பாடம் நடத்துகிற சங்கதி அது. நினைத்தால் இன்றைக்கும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

அடுத்த சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தனியாகக் குற்றாலம் போனாள். வரிசைக்கும் அருவிக்கும் நாள் முழுக்க நடந்து, இரண்டையும் தானே எண்ணிவிட்டு இருமிக்கொண்டே வந்தாள். கட்டுரை ஒரு வருஷம் தாமதமாக வெளிவந்தது. முடிவில் நன்றி சொல்லியிருந்த இடத்தில் என் பெயரும் இருந்தது. அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் எல்லோரிடமும் காட்டிப் பெருமையடித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூப்பிடாதது பத்தாம் வகுப்புப் படிப்பு கெடக்கூடாது என்பதற்காக என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.