நடுக்களச் சிங்கத்துக்கு ஒரு பொன்னாடை

கோப்பன்ஹேகனிலிருந்து பாரிசுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் பத்து நிமிட நடை. சனி காலை பத்து மணிக்கு நானும் மகன் நிரோஜனும் ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனோம். ஒரு நகைக்கடைக் கண்ணாடியில் என் மகனே எங்களைப் பார்த்துச் சிரித்தான். "டென்மார்க்கின் நடுக்களச் சிங்கம் களமிறங்குகிறார்!" என்றது சுவரொட்டி. அடுத்த புடவைக்கடையிலும் அதே சிங்கம்.

என் தம்பி சிவத்தின் வேலைதான். அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். அதைப் பூட்டி நான் பார்த்ததில்லை. மறுநாள் புறநகர் ஆர்ஜொந்தெயில், தாயகத்து ஊர்களின் பேரில் ஆடும் கழகங்களின் உதைபந்தாட்டப் போட்டி. தாய் எந்த ஊரோ பிள்ளையும் அந்த ஊர்தான், எந்த நாட்டில் பிறந்தாலும் ஆடக் கூப்பிடலாம் என்பது இவர்கள் வழக்கம். ஆனால் பத்தொன்பது வயது நிரோஜன் அந்த வசந்தத்தில்தான் டென்மார்க்கின் இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்றில் முதல் ஒப்பந்தம் போட்டிருந்தான். வேறெங்கும் ஆடக்கூடாது. ஆடினால் ஒப்பந்தம் போய்விடும்.

"மாமா, எனக்கு விருப்பம்தான். கிளப் விடாது," என்றான் அவன், பாதி டேனிஷில்.

சிவத்தின் முகம் வாடிவிட்டது. "அக்கா, சப்பல் முழுக்கச் சொல்லிப்போட்டன். இனி எந்த முகத்தோடை கடையிலை நிக்கிறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கேக்காமல் ஒட்டினது ஆர்?" என்று கத்தினேன். அவன் சூடான மட்டன் ரோல்ஸைத் தட்டில் வைத்தான். வெளியாருக்கு ஒன்றரை யூரோ, எங்களுக்கு இலவசம். இரண்டாவதைக் கடிக்கும்போது வழி தெரிந்தது. நம்மவர் விழாவில் ஓடாமல் ஆடாமல் எல்லா மரியாதையும் வாங்குகிறவர் ஒருவர்தானே?

"அவனைப் பிரதம விருந்தினர் ஆக்கு," என்றேன்.

சிவம் அன்றே சுவரொட்டிகளில் "களமிறங்குகிறார்" என்பதன் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, "பிரதம விருந்தினர்" என்று எழுதினான்.

ஞாயிறு ஆர்ஜொந்தெய் மைதானத்தில் நிரோஜன் பொன்னாடையோடு விளக்கேற்றி, இரண்டு அணிக்கும் கைகொடுத்து உட்கார்ந்தான். எங்கள் ஊர் ஒரு கோல் பின்னால். அவன் கால்கள் நாற்காலிக்கடியில் சும்மா இருக்கவில்லை. அப்போது பந்து கோட்டைத் தாண்டி நேரே அவனிடம் உருண்டு வந்தது. "அடியடா தம்பி!" என்று கூட்டம் கத்தியது. அவன் குனிந்து, கையால் எடுத்துக் கொடுத்தான். எல்லோருக்கும் முந்திக் கைதட்டியவன் சிவம்தான். எங்கள் ஊர் தோற்றது.

திங்கள் புறப்படும்போது, "அவன்ரை மேட்சுக்கு ஒருநாள் வருவன்," என்றான் சிவம். கடையை விட்டு எங்கே வரப்போகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இலையுதிர்காலத்தில் வந்தே விட்டான். லா சப்பலின் நெரிசலுக்கு நிரோஜனின் டென்மார்க் கழக மைதானம் வெறிச்சென்று கிடந்தது. மழை வேறு. கடைசிப் பத்து நிமிடத்துக்கு நிரோஜனை இறக்கினார்கள். சிவம் எழுந்து, கோட்டுக்குள்ளிருந்து அந்தச் சுவரொட்டியை எடுத்தான். ஒட்டிய வெள்ளைத்தாளை நகத்தால் கிழித்தெறிந்துவிட்டு, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.