தட்டி மறைவில் படித்தவர்கள்

பிரௌசிங் சென்டர் நடத்துகிறவனுக்குக் கம்ப்யூட்டரைக் கற்றுக்கொள்வது சுலபம். எதையும் பார்க்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். தொண்ணூறுகளின் கடைசியில் காந்திபுரத்தில் பிளைவுட் தட்டி அடித்து, கேபினுக்கு ஒரு திரை தொங்கவிட்டுக் கடை போட்டபோது எனக்கு இது தெரியாது. நீங்களும் கடை வைத்துப் பட்டவர்கள் என்றால் சொல்லாமலே புரியும்.

துண்டுக்குள் மெயில்

அன்னூர்க்காரர் ஒருவர், சிங்கப்பூர் மகனின் மெயிலைப் படிக்க வருவார். திரை போதாதென்று தோளில் கிடக்கும் துண்டை மானிட்டருக்கும் தன் தலைக்கும் சேர்த்துப் போர்த்திக்கொள்வார், ஆவி பிடிக்கிற மாதிரி. மகனோ தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருப்பான். வாய்விட்டு எழுத்துக்கூட்டினால்தான் அவருக்குப் புரியும். மருமகளுக்கும் மாமியாருக்கும் நடந்த சண்டை கடை முழுக்கக் கேட்கும். பக்கத்துக் கேபின்காரர் ஒருநாள் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: "ஏனுங்க, அடுத்தவங்க ஊட்டுச் சமாச்சாரத்தை ஒட்டுக் கேக்கறது நல்லாவாங்க இருக்குது?"

சுவரைப் பார்த்து நின்றது

மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் ஒருவர், பாஸ்வேர்டு அடிக்கும்போது என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்வார். என் கடையில் நானே தண்டனை வாங்கியவன் மாதிரி நிற்பேன். எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி அவருக்கு வேர்த்துவிடும். கடைசியில் கூப்பிடுவார்: "தம்பி, நான் சொல்லச் சொல்ல நீங்களே அடிச்சுப்போடுங்க. அடிச்சதும் மறந்துபோடுங்க."

கீழே போன ஆர்டர்

பூங்கொடி அவிநாசிப் பெண், பி.எஸ்சி. முடித்தவள். பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் வேலைக்கு வீட்டுக்குத் தெரியாமல் எழுதிப் போட்டிருந்தாள். வீட்டில் மும்முரமாக மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் முன்கூட்டியே தெரிந்தால் வேலையும் போய், தேதியும் குறித்துவிடுவார்கள் என்று அவளுக்கு உதறல். பி.எட். சேர்வதைப் பற்றிப் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டுத்தான் என் கடைக்கு வருவாள்.

ஒருநாள் வேலைக்கான ஆர்டர் மெயிலில் வந்தேவிட்டது. திறந்து படித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் மொபெட் வந்து நின்றது. அவள் அப்பா! திரையின் மேல் மூலையில் சின்னக் கோடு போட்டிருக்கும் பொத்தானை அமுக்கினாள். ஆர்டர் சுருங்கிக் கீழே போனது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் அழிந்துவிட்டது என்றுதான் அன்றைக்கு எங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் நம்பினார்கள். அப்பாவிடம் பூ வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் என்னிடம் கிசுகிசுத்தாள்: "அண்ணா, அழிச்சுப்போட்டேனுங்க. இனி யாருக்கும் தெரியாதுங்கல்ல?"

நெற்றியோடு நின்ற மாப்பிள்ளை

அப்பா வந்தது, தரகர் இன்டர்நெட்டில் போட்டிருந்த மாப்பிள்ளை போட்டோவைப் பார்க்க. காலியாக இருந்தது மகள் எழுந்துபோன நாற்காலி மட்டும். "அந்த சிஸ்டம் ரிப்பேருங்க" என்று குறுக்கே விழுந்தேன். "இப்பத்தானுங்க என்ற புள்ளை எந்திரிச்சுப் போனா" என்று உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் போட்டோவைத் திறந்து கொடுத்தேன்.

அந்தக் காலத்துப் போட்டோ மேலிருந்து கீழாக, கோடு கோடாகத்தான் இறங்கும். முடி வந்தது. நெற்றி வந்தது. அத்தோடு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்தார். "கீழ என்னமோ இருக்குதே" என்று மௌஸை நகர்த்தி அடியிலிருந்த பட்டையை அமுக்கினார். நான் கை நீட்டுவதற்குள் மகள் பெயரோடு ஆர்டர் விரிந்து நின்றது.

மானிட்டர் கண்ணாடியில் விரலை ஓட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தார். அந்தப் பெண்ணின் வேலையைக் கெடுத்த பாவம் என் தலையில் என்றே முடிவு செய்துவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். "தம்பி, இது இருந்த மாதிரியே கீழ வெச்சுப்போடுங்க. அவளா வந்து சொல்றப்ப எனக்குப் புதுசா இருக்கோணுமுங்க."

அவர் மொபெட்டை எடுக்க வெளியே போனதும், பூங்கொடி கையில் பூவோடு ஓடிவந்தாள். "அப்பா என்னத்தைப் பார்த்தாருங்கண்ணா?" என்றாள். "மாப்பிள்ளையோட நெத்தியைங்க" என்றேன். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. "நெத்தியோட நிக்கட்டுமுங்கண்ணா, மூஞ்சியை மெதுவாப் பார்த்துக்கலாம்."

ஆக, தட்டி மறைவில் படித்தவர்களெல்லாம் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். மகள் பயப்படுவதை அப்பனிடமும் சொல்ல முடியாமல், அப்பன் படித்ததை மகளிடமும் சொல்ல முடியாமல் தலை வெடிக்க உட்கார்ந்திருப்பது நம்மை மாதிரிக் கடைக்காரன்தான்.