பழைய காருக்கு நான் எடுத்த மஃப்ளர்

அன்று கனடாவில், ஸ்காபரோ கராஜில் மூன்று பேர் இருந்தோம்: முதலாளி அண்ணை, 1930களில் செய்த காருக்குப் பெரிய எஞ்சின் பூட்டி வைத்திருந்த வெள்ளைக்காரக் கிழவர், நான். கிழவருக்கு ஆழமான, ஆனால் காதைக் கிழிக்காத சத்தம் வேண்டும். ஊரில் சைலன்சர் என்போமே, அந்த மஃப்ளரைத் தெரிவு செய்யும் பொறுப்பை அண்ணை முதல்முறையாக என்னிடம் விட்டிருந்தார். இரண்டு நாளைக்கு முன்பே நீளமான இரண்டை எடுத்து வெல்டிங் பண்ணியிருந்தேன். வெல்டிங் பண்ணியதைக் கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். தெரிவு பிழையாகிப் போனால் வேலை போய்விடும் என்று இரண்டு இரவாய் நித்திரையில்லை.

குளிருக்காகக் கதவைப் பூட்டியபடியே ஸ்டார்ட் பண்ணினேன். சுவரெல்லாம் அதிர்ந்தது. கிழவர் முகத்தைச் சுளித்தார். உடனே எஞ்சினை நிறுத்திவிட்டேன்.

"அண்ணை, பிழைச்சுப்போச்சு. வெட்டிக் கழட்டவோ?"

"விசரா! பூட்டின கராஜுக்குள்ள ஆடு கத்தினாலும் உப்பிடித்தான் கேக்கும். கதவைத் திறந்து றோட்டுக்குக் கொண்டு போ."

கிழவர் நடைபாதையில் போய் நின்றார். நான் அவரைக் கடந்து ஓட்டினேன். திறந்த வெளியில் அதே சத்தம் தணிந்து, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் உறுமியது. திரும்பி வந்தால் கிழவர் சிரித்துக்கொண்டு, இன்னொருக்கால் ஓடச் சொல்லிக் கை காட்டுகிறார்.

"என்னடா பாக்கிறாய்? ஓடன்!" என்றார் அண்ணை.

கையிலிருந்த காசையெல்லாம் தந்துவிட்டு, மிச்சத்தைச் சனிக்கிழமை கொண்டுவருவதாகக் கிழவர் சொன்னார். வேறொரு நாளென்றால் அதற்கும் பயந்திருப்பேன். அன்று "ஓம்" என்று சிரித்தபடி பில்லில் எழுதினேன்: இன்னும் நாற்பது டொலர்.