கருத்தம்மா காத்திருந்த வேன்

எங்கள் லைன் வீடுகளுக்கு முன்னால் ஒரு வேகத்தடை உண்டு. கம்பெனி வேன் எதுவானாலும் அங்கே மெதுவாகித்தான் ஆகவேண்டும். அப்போது சக்கரத்தில் எழும் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள் கருத்தம்மா. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், பனியன் கம்பெனியில் டெய்லர். வண்டி ஓட்டத் தெரியாது.

டிரைவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே தேடி வந்தார்கள். ஓசி வைத்தியம் என்றால் யாருக்குக் கசக்கும்? இன்ஜினை அணைக்கச் சொல்லி, இரண்டு பேரைத் தள்ளவிட்டு, சக்கரத்தோடு குனிந்து நடப்பாள். பனி ஈரத்தில் வரும் கீச்சல் நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும் என்பாள். விட்டு விட்டு உரசினால் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம் கோணியிருக்கிறது. பிரேக்கை மிதிக்காமலே முனகினால் ஹேண்ட் பிரேக் முழுசாக விடவில்லை. மெக்கானிக் சகாயராஜ் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் அதுவேதான் இருக்கும்.

அவளுக்கு இந்தக் காது வந்த வழி பக்கத்து வீட்டுக்காரியான எனக்குத் தெரியும். 2004 மார்கழியில் ஒரு விடியற்காலை, கரண்ட் இல்லாத மூடுபனியில், அவள் மகள் நாகஜோதி ஷிப்டுக்குப் போகத் தெருவில் இறங்கினாள். உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த கருத்தம்மாவுக்கு ஒரு பிரேக் சத்தம் கேட்டது. நீளமான கீச்சல், முடிவில் இரும்போடு இரும்பு தேய்கிற கரகரப்பு. ஓடி வந்தபோது பிள்ளை கிடந்தாள், வண்டி இல்லை. நம்பரை யாரும் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்துக்கொண்டு யாரைப் பிடிப்பது என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். வேகத்தடை அதற்கப்புறம் போட்டதுதான். நம் ஊரில் எதற்கும் முதலில் ஒரு சாவு விழவேண்டும்.

அன்றிலிருந்து அந்தச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலும் அது கேட்கிறது என்பாள். வேன் வரும் நேரத்தில் பேசினால் கையமர்த்துவாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். இடித்துவிட்டு ஓடினவன் மறுநாளே தேய்ந்த பிரேக் லைனிங்கை மாற்றியிருப்பான், விட்டுத்தொலை என்று சண்டைகூடப் போட்டிருக்கிறேன். புது லைனிங்கும் ஒருநாள் தேயும், தேய்ந்தால் அந்த வண்டி அதே மாதிரிதான் கத்தும் என்று அவள் நம்பினாள்.

மூன்று வருஷம் கழித்து, ஒரு காலையில் அது வந்தது. காங்கேயம் பக்கத்திலிருந்து பெண்பிள்ளைகளை ஏற்றிவரும் வெள்ளை வேன். டிரைவர் கிட்டுசாமி வேகத்தடையில் பிரேக்கை மிதித்தான். அவள் சொல்லிச் சொல்லி எனக்கும் பழகிப்போன அதே நீளமான கீச்சல், முடிவில் அதே கரகரப்பு. கருத்தம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு இறங்கிப் போய் யார் வண்டி என்று கேட்டாள். போன மாதம்தான் புரோக்கரிடம் வாங்கியதாகவும், பல கை மாறி வந்ததாகவும் அவன் சொன்னான். இன்ஜினை அணைத்துத் தள்ளச் சொன்னாள். பின்சக்கரத்தோடு நடந்தாள். மறுபடி தள்ளச் சொன்னாள். மறுபடியும். போதும் என்று கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. ஜன்னலோரப் பிள்ளைகள் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

“ஏனுங்கக்கா, என்ன கோளாறுங்க?” என்றான் கிட்டுசாமி.

அவள் சக்கரத்தைப் பார்த்தாள். சொன்னால் இன்றைக்கே லைனிங் மாறிவிடும், சத்தம் போய்விடும். சொல்லாவிட்டால் தினமும் அது அவள் வாசலுக்கு வரும். பழைய ஓனர்களை ஒவ்வொருவராக விசாரிக்கலாம். இத்தனையும் அவள் முகத்தில் ஓடியது. பிறகு ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

“பின்னாடி எடது சக்கரம்யா. லைனிங் தேஞ்சு ஆணி டிரம்முல உரசுது. புள்ளைகள இங்கனயே எறக்கிவிடு, நடந்து போகட்டும். நீ நேரா சகாயராஜுகிட்ட போ.”

அவன் அப்படியே செய்தான்.

சாயங்காலம் கம்பெனி விட்டதும் வெள்ளை வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேகத்தடையில் ஏறி இறங்கின. எதிலும் சத்தமில்லை. காலையில் அவள் சக்கரத்தையும் பிள்ளைகளையும்தான் பார்த்திருந்தாள், நம்பரைப் பார்க்கவில்லை; இப்போது ஹெட்லைட் வெளிச்சத்தில் டிரைவர் முகமும் தெரியவில்லை.

“சாரதா, இதுல எதுடி அது?” என்றாள்.

எனக்கும் தெரியவில்லை.