நாலு இலங்கைத் தூரம்

சுனாமிக்குப் பிறகு கல்முனையில் ஒரு நிவாரண அலுவலகத்தில் வரைபட வேலை பார்த்தேன். வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் வீடு இருந்த இடத்தைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டச் சொல்வார்கள். ஒரு மனிதர் மட்டும் சிறிதாக்கச் சொன்னார்.

தோளில் நிற்காத இரவல் சட்டை போட்டிருந்தார். வீட்டில் மிஞ்சியவர் அவர் ஒருவரே. எதைக் கேட்பதென்றாலும் முதலில் திரையில் விரலை அழுத்திவிட்டுத்தான் கேட்பார்.

"அலை புறப்பட்ட இடம் தெரியிற மட்டும் சின்னதாக்குங்க, சேர்."

சுருக்கினேன். அவருடைய வீடு இருந்த சின்னத் தெரு, அந்த ஒழுங்கை, மறைந்தது. கல்முனை மறைந்தது. இலங்கையே ஒரு துளியாகி, வலது ஓரத்தில் சுமாத்திரா வந்தது. அவர் விரல் கீழ்மூலையில் இருந்த அளவுகோட்டில் நின்றது.

"எல்லாம் சுருங்கிட்டு. இது மட்டும் ஏன் சுருங்கல்ல?"

"கோடு அப்படியேதான் இருக்கும், நானா. அது காட்டுற தூரம்தான் மாறும். முதல்ல உங்கட ஒழுங்கை அளவு. இப்ப முழு இலங்கை அளவு."

அவர் இரண்டு விரல்களை விரித்து அந்தக் கோட்டை அளந்தார். பிறகு அதே அளவை சுமாத்திராவிலிருந்து மாற்றி மாற்றி வைத்துக் கடலைக் கடந்தார்.

"அல்லாஹ்வே... நாலு இலங்கைத் தூரம். இதில கல்முனையே தெரியல்ல. இந்தக் கடலுக்கு என்ட ஊட்டு வாசல் எப்பிடித் தெரிஞ்ச, சேர்?"

அவர் போன பிறகு, திரையைத் துடைக்கத் துணியை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அவருடைய விரல் ரேகைகள் கடலின் குறுக்கே வரிசையாக வந்து, எங்கள் கரையில் முடிந்திருந்தன.