வர வேண்டாமென்று நான் சொன்ன தாய்

கடந்த மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் குடியேறி வாழும் நகரத்துக்கு மேலே உள்ள மொந்தே பெல்லெகிரினோ மலையில், சாந்தா ரொசாலியா என்ற கிறிஸ்தவப் புனிதையின் கோயில் படிகளின் அடியில் நின்று பிள்ளைகளை எண்ணினேன். ஒரு பிள்ளை குறைந்தது. திரும்பவும் எண்ணினேன். தாரணி இல்லை.

தாரணிக்குப் பத்து வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச மாட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். அந்த மலைப் பாதை உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் வாகனங்கள், மறு பக்கம் பள்ளம். அவளைக் கூட்டி வந்தது நான். கூடவே வரக் கெஞ்சிய தாயைத் தடுத்ததும் நான்.

என்னை உங்களில் பலர் அறிவீர்கள். பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க அலுவலகத்தில் என் மேசைக்கு முன்னால் காத்திருந்து அலுத்தவர்களும் இதை வாசிப்பீர்கள். எந்தக் கடதாசியை எந்த யன்னலில் கொடுப்பது, அந்த யன்னல் எந்த நாளில் பூட்டியிருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சாமியைக்கூட விண்ணப்பம் எழுதுவதுபோலத்தான் கும்பிட்டு வந்தேன். பெயர், கோரிக்கை, காரணம், முன்கூட்டிய நன்றி.

ஓய்வு பெற்ற பிறகு, சிறப்புத் தேவையுள்ள எங்கள் பிள்ளைகளை மாதம் ஒரு தடவை வெளியே கூட்டிப்போகும் சிறு குழுவைப் பொறுப்பெடுத்தேன். நிழல் எங்கே, கழிப்பறை எங்கே, சக்கர நாற்காலி ஏறுமா, சத்தம் எவ்வளவு என்று முன்கூட்டியே போய்ப் பார்ப்பேன். பல்லரோ சந்தைக்கு வியாபாரிகள் கூவத் தொடங்குமுன் போய்விடுவோம். துறைமுகத்தில் கப்பல் ஊதும் நேரத்துக்கு முன்பே திரும்பிவிடுவோம். காப்புறுதி, மருந்துக் குறிப்பு, மாற்று உடுப்பு, எல்லாம் இருக்கும். ஒரு விதியும் இருந்தது. பெற்றோர் வரக்கூடாது. தாய் வந்தால் ஊட்டிவிடுவாள், சப்பாத்து மாட்டிவிடுவாள், பிள்ளை தானாக ஒன்றையும் பழகாது. அந்த விதியில் நியாயம் இருந்தது. அதை நான் கையாண்ட விதத்தில் இல்லை.

தாரணியின் தாய் செல்வமலர், வன்னியிலிருந்து வந்தவர். அந்த வாரம் சீசா பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"ஐயா, நானும் வாறன். கிட்ட வரமாட்டன், தள்ளி நிண்டு பாக்கிறன்."

"பிள்ளை, விதி எல்லாருக்கும் ஒண்டுதான்."

"தண்ணி சொட்டுறதைக் கண்டா அவள் எல்லாத்தையும் மறந்திடுவாள், ஐயா. வீட்டிலையும் குழாயடியிலைதான் நிப்பாள்."

"மலையிலை குழாய் இல்லை."

பகிடி என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மறுபடியும் கேட்க வாயெடுத்தார். "கனக்கக் கதைச்சா அந்த இடத்தை வேறை பிள்ளைக்குக் குடுக்க வேண்டி வரும்" என்றேன்.

"ஓம் ஐயா" என்றார். அலுவலக மேசைக்குப் பின்னால் இருந்து அந்த "ஓம் ஐயா"வை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றும் அது எனக்குச் சம்மதம்போலவே கேட்டது.

மலையில், எங்களுடன் வந்த சுகந்தி ரீச்சர் மற்றப் பிள்ளைகளை நிழலில் இருத்தி, உதவிக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பாதையில் கீழே ஓடினேன். வளைவில் நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். திரும்பிப் பார்க்காத பிள்ளையின் பெயரைத் திரும்பத் திரும்பக் கத்தினேன். எனக்குத் தெரிந்த நடைமுறை எல்லாம் முடிந்துபோயிற்று.

படிகளுக்கு வந்து இருந்துவிட்டேன். "முருகா. தாயே. பிழை என்ரை. தண்டனையை அந்தப் பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ." அவ்வளவுதான் வந்தது. பெயரில்லை, காரணமில்லை, முன்கூட்டிய நன்றியும் இல்லை.

அழுதுகொண்டிருந்தபோது செல்வமலரின் குரல் அப்படியே காதில் கேட்டது. தண்ணி சொட்டுறதைக் கண்டா. அது என் ஞாபகசக்தி என்று நீங்கள் சொல்லலாம். அந்தச் சக்தி அதுவரை எங்கே போயிருந்தது? இந்தக் கோயில் ஒரு குகை. பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஞாயிறுகளில் செருப்பைக் கழற்றிக்கொண்டு மலையேறும் எங்கள் ஒவ்வொருவருக்கும் அது தெரியும். ஈரத் தரை, இருட்டு, எதிரொலி என்று குகையைத் திட்டத்திலிருந்து வெட்டியதே நான்தான். வெட்டியதோடு மறந்தும் போனேன்.

உள்ளே ஓடினேன். தாரணி உள்ளங்கையை விரித்து, ஒவ்வொரு சொட்டாக வாங்கிக்கொண்டு நின்றாள். முகத்தில் அப்படியொரு அமைதி. அவளுடைய சட்டை விளிம்பைப் பிடித்தபடி பக்கத்தில் ஒரு பெண் இருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்தார். செல்வமலர்.

"குறை நினையாதேங்கோ, ஐயா. முதல் பஸ்ஸிலையே வந்திட்டன். இதுக்குள்ளை இருந்து கும்பிட, இவள் தானா வந்து நிண்டவள்."

"ஏன் பிள்ளை வெளியிலை வந்து சொல்லேல்லை?"

"இழுத்தா கத்துவாள். போனும் இஞ்சை எடுக்குதில்லை." பிறகு நிலத்தைப் பார்த்துச் சொன்னார். "நான் வந்தது தெரிஞ்சா அடுத்த முறை இவளைச் சேர்க்க மாட்டியள் எண்டு பயந்தும் போனன்."

நான் கும்பிடுவதற்கு வெகு நேரம் முன்பே உதவி வந்திருந்தது. வந்த உதவி எனக்குப் பயந்து ஒளித்திருந்தது. அன்பர்களே, என் ஆயுளில் இதைவிடப் பெரிய வெட்கம் எனக்கு நேர்ந்ததில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்று அவர்தான் கூசினார். தேடி வந்த சுகந்தி தாரணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"குகை எங்கடை திட்டத்திலை இல்லையே, அண்ணை?"

"இப்ப இருக்கு."

"எழுதித் தருவியளோ?"

அந்த நக்கல் எனக்கு வேண்டியதுதான். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உள்ளே கூட்டி வந்தோம். எல்லோரும் கை நீட்டினார்கள். கடைசியில் நானும் நீட்டினேன். சில்லென்றிருந்தது.

இப்போது ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தாயோ தகப்பனோ கூட வருகிறார்கள். இடம் பார்க்கப் போகும்போது செல்வமலரையும் கூட்டிப்போகிறேன். பிள்ளைக்கு எது பிடிக்கும், எதற்குப் பயம் என்று பெற்றோரிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் என் திட்டத்தைத் திறக்கிறேன். ஆனாலும் செல்வமலர் இன்னமும் "ஓம் ஐயா" என்றுதான் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்கிறது. அது சம்மதமா பயமா என்று நிதானித்து, இன்னொரு தடவை கேட்கிறேன்.

ஊர் என்ன சொல்லுமோ என்று பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால், நம்புங்கள். நீங்கள் வாய் திறக்குமுன்பே உங்களுக்காக யாரோ முதல் பஸ்ஸில் ஏறியிருப்பார்கள். அவர்களை மறிக்க இனி நான் வாசலில் நிற்கமாட்டேன். பிள்ளையைக் கூட்டி வாருங்கள். நீங்களும் வாருங்கள்.